உப்பும் உடன்படிக்கையும்

மதுரையை ஆண்ட கம்மந்தான் கான் சாகிபைப் பற்றி எஸ். சி. ஹில் என்னும் ஆங்கிலேயர் 1914-ஆம் ஆண்டில் ஒரு விரிவான நூல் வெளியிட்டார். ஆவணங்களைத் தேடிப் பொறுமையாக எழுதப்பட்ட நூல்தான் அது. ஆயினும் விசாரணை தொடங்குமுன்பே தீர்ப்பு, நூலின் தலைப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. 'கிளர்ச்சிக்காரத் தளபதி' என்பது ஆசிரியர் அவருக்கு அளித்த பட்டம். கிளர்ச்சி என்றால் யாருக்கு எதிராக? கடல் கடந்து வந்த ஒரு வணிகக் கும்பினிக்கு எதிராகவா? அக்கும்பினியின் துப்பாக்கிகளால் அரியணையில் நிலைத்திருந்த நவாபுக்கு எதிராகவா? அவ்விருவருக்கும் அவர் என்றென்றைக்கும் அடிமைச் சாசனம் எழுதிக் கொடுத்திருந்தாரா? இவ்வினாக்களைத் தலைப்பு கேட்கவில்லை. நாம் கேட்டுப் பார்ப்போம்.

கேட்பதற்குக் காரணம் வரலாற்று ஆர்வம் மட்டுமன்று. ஊதியம் தந்தவனுக்கு ஒரு மனிதன் எவ்வளவு கடன்பட்டிருக்கிறான்? அக்கடன் எப்போது தீர்கிறது? தீர்ந்துவிட்டது என்று அறிவிக்கும் உரிமை யாருடையது? 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். உப்பிட்டவனே வஞ்சித்தால் என்ன செய்வது என்பதற்கு அந்தப் பழமொழியில் விடை இல்லை. மதுரைக் கோட்டையில் 1763, 1764 ஆகிய ஈராண்டுகளில் நடந்தவை இவ்வினாவை அதன் முழுக் கூர்மையோடும் நம் முன் நிறுத்துகின்றன.

இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த பனையூரில் இந்துக் குடும்பம் ஒன்றில் பிறந்து, மருதநாயகம் என்னும் பெயரோடு வளர்ந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவி முஹம்மது யூசுஃப் கான் ஆனவர் அவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. மக்கள் வாயில் அவர் கான் சாகிபு. பேச்சு வழக்கில் இன்னும் சுருங்கிக் 'கான்சா'. 1752-இல் கிளைவின் படையோடு சேர்ந்த நாள்முதல் அவருடைய ஏற்றம் தொடங்கிற்று. திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது, பகைவர் சூழ்ந்த வழிகளில் உணவு வண்டிகளை இரவோடிரவாகக் கொண்டுவந்து சேர்த்த அவருடைய திறமையைத் தளபதி லாரன்ஸ் மனமாரப் பாராட்டினார். கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராகும் பதவியும் தங்கப் பதக்கமும் அவரைத் தேடி வந்தன.

அப்பொழுது எதிரணியில் நின்றவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். இதனை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில், பின்னாளில் அவர் ஏற்றியது அவர்களுடைய கொடியையே!

வைகைச் சமவெளியில் பிரெஞ்சுக்காரர்களுக்குக் குடியேற்றம் என்று ஒன்று இருந்ததில்லை. அவர்களுடைய இருப்பெல்லாம் கடற்கரையில்தான். 1674 முதல் புதுச்சேரி. 1739 முதல், காவிரியின் கிளையான அரசலாறு கடலைச் சேரும் இடத்தில் காரைக்கால். முதலில் பண்டகசாலை, பிறகு அதற்குக் காவல் வேண்டும் என்று ஒரு கோட்டை, கோட்டைக்குச் செலவு உண்டே என்று சுற்றுப்புற ஊர்களின் வரி, வரி தண்டுவதற்குத் துணையாக உள்நாட்டு அரசர்களின் சண்டையில் ஒரு பக்கம். பிரெஞ்சார் நடந்த வழி இது. ஆங்கிலேயர் நடந்த வழியும் இதுவே. ஆங்கிலேயர் வென்றார்கள், பிரெஞ்சார் தோற்றார்கள் என்பதைத் தவிர இருவருக்கும் அறத்தில் வேற்றுமை காண நம்மால் இயலவில்லை. ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் நெல்லே இருவருடைய கண்ணும். காவிரியின் நெல்லுக்காகத் தொடங்கிய போட்டி, சந்தா சாகிபின் குதிரைகளுக்குப் பின்னால் வைகைக் கரை வரையில் வந்தது.

சந்தா சாகிபின் முடிவையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1736-இல் திருச்சிராப்பள்ளியை இராணி மீனாட்சியிடமிருந்து கைப்பற்றி நாயக்கர் ஆட்சிக்கு முடிவு கட்டியவர் அவர். இராணிக்கு அவர் அளித்திருந்த வாக்குறுதி காற்றில் போயிற்று. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, பிரெஞ்சாரின் துணை பயனற்றுப் போன நிலையில், உயிருக்கு உத்தரவாதம் என்னும் சத்தியத்தை நம்பித் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் தம்மை ஒப்படைத்தார். 1752-இல் அவர் தலை வெட்டப்பட்டது. அக்காலத்தில் சத்தியம் என்பது மலிவான சரக்காகிவிட்டிருந்தது.

யூசுஃப் கான் மதுரைக்கு 1756-இல் வந்தார். பாளையக்காரர்களோடும் கொள்ளைக் கூட்டங்களோடும் ஓயாத போராட்டம். 1758-ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது கும்பினி அவரை அழைத்தது. அவர் விரைந்து சென்று, முற்றுகையாளரின் பின்புறத்தில் இடைவிடாது தொல்லை கொடுத்து, லாலியின் தோல்விக்கு ஒரு காரணமாக இருந்தார். அதற்குப் பின் 1759-இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய்க் குத்தகைக்கு அவரிடம் விடப்பட்டன.

அவருடைய ஆட்சியை ஆங்கிலேய அதிகாரிகளே புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். உடைந்து கிடந்த கண்மாய்களும் கால்வாய்களும் செப்பனிடப்பட்டன. நெசவாளரும் வணிகரும் அச்சமின்றித் தொழில் நடத்தினர். கோயில்களுக்குரிய மானியங்கள் தடையின்றிக் கிடைக்க வழி செய்யப்பட்டது. வைகை, வெள்ளம் வந்தால் ஊரை அழிக்கும். வராவிட்டால் வயிற்றை அழிக்கும். ஆற்றை நம்ப முடியாது, கண்மாயைத்தான் நம்ப வேண்டும் என்பதை அந்தச் சமவெளியின் உழவன் அறிவான். அதனைக் குத்தகைக்காரரும் அறிந்திருந்தார் என்பது அந்நாளில் பெரிய காரியம். அவர் கடுமையானவர் என்பதையும் மறைப்பதற்கில்லை. தூக்குமரங்களும் பீரங்கி வாயும் அவருடைய ஆட்சியின் கருவிகள். கும்பினிக்கு அடங்க மறுத்த நெல்கட்டும்செவல் பூலித்தேவரின் கோட்டைகளை 1761-இல் வீழ்த்தியவரும் அவரே. அவரை விடுதலை வீரராக மட்டும் வரைந்து மகிழ விரும்புவோர் இந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

முதல் வஞ்சனை எங்கே நிகழ்ந்தது? நம் கருத்தில் அது மதுரையில் நிகழவில்லை, சென்னையில் நிகழ்ந்தது. நவாப் முஹம்மது அலி வாலாஜாவுக்கு யூசுஃப் கானின் வளர்ச்சி பிடிக்கவில்லை. மதுரைச் சீமை தமக்கே உரியது, கான் தமக்குக் கீழ்ப்பட்ட ஊழியர் என்றார். கும்பினிக்கு நவாபு தர வேண்டிய கடனோ மலைபோல் இருந்தது. கடன் கொடுத்தவன் கடனாளியைக் கைவிடத் துணிவதில்லை. கடனாளி பிழைத்திருந்தால்தானே பாக்கி வரும்! பத்தாண்டுக் காலம் தனக்காக உயிரைப் பணயம் வைத்தவரை, அவருடைய இசைவைக் கேளாமலே இன்னொருவர் கைக்கு மாற்றிக் கொடுத்தது கும்பினி. கும்பினிக்குக் கட்டுப்படுவேன், நவாபுக்குக் கட்டுப்பட மாட்டேன் என்பதே யூசுஃப் கானின் நிலையாக இருந்தது. ஊழியம் என்பது இரு மனிதருக்கு இடைப்பட்ட உறவு. நிலத்தைப் போலவும் மாட்டைப் போலவும் அதனைக் கைமாற்றிவிட முடியுமா? முடியும் என்று சென்னைக் கோட்டைக் கணக்கர்கள் நினைத்தார்கள்.

1763-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. இரண்டாண்டுகளுக்கு முன், 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்து இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்தது. நாடிழந்த பிரெஞ்சு வீரர்கள் பலர் ஊர் ஊராக அலைந்து, கூலிக்குக் கைகொடுக்கும் அரசர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மார்ஷான் என்னும் தளபதியின் கீழ் அவர்களுள் ஒரு கூட்டத்தை யூசுஃப் கான் சேர்த்துக்கொண்டார். அவருக்குப் பிரெஞ்சார்மீது அன்பு என்று சொல்ல இடமில்லை. ஓர் ஐரோப்பிய அரசின் கொடி பறக்கும் கோட்டையை மற்றோர் ஐரோப்பிய அரசு எளிதில் தாக்காது என்னும் கணக்கே அது.

அந்தக் கணக்கு பொய்த்த விதம், மனித முயற்சிகளைப் பற்றிச் சிந்திப்போரின் நெஞ்சை உறுத்தக் கூடியது. 1763 பிப்ரவரி 10-ஆம் நாள் பாரிஸ் நகரில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்சுக்குத் திரும்பக் கிடைக்கும். அதற்கு ஈடாக, கர்நாடகத்தின் சட்டபூர்வமான நவாப் முஹம்மது அலியே என்று பிரான்சு ஒப்புக்கொள்ளும். அதாவது, மதுரையில் எந்த அரசரின் கொடி நிழலில் ஒதுங்க யூசுஃப் கான் முயன்றாரோ, அந்த அரசரின் தூதர்களே அவருடைய பகைவரை அவருக்கு மேலதிகாரியாக அங்கீகரித்துக் கையெழுத்திட்டுவிட்டார்கள். கப்பல்கள் செய்தி கொண்டுவரும் மாதங்களில் வைகைக் கரையில் எவருக்கும் அது தெரியாது. வைகை எந்தத் திசையில் பாய்கிறது என்பதுகூடப் பாரிஸில் கையெழுத்திட்டவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயம். தொலைவில் உள்ளவர்கள் நம் வயல்களை மேசைமேல் விரித்துப் பங்கிடும் வழக்கம் அன்று தொடங்கியதன்று. அன்றோடு முடிந்ததும் அன்று.

1763-இன் பிற்பகுதியில் கர்னல் மான்சன் தலைமையில் நடந்த முதல் முற்றுகையைப் பருவமழை முறியடித்தது. அடுத்த ஆண்டு மேஜர் காம்ப்பெல் வந்தார். 1764 ஜூன் 26-ஆம் நாள் நடந்த பெருந்தாக்குதலைக் கோட்டையினர் முறியடித்தனர். மேஜர் பிரெஸ்டன் அதில் பட்ட காயத்தால் இறந்தார். அதன் பிறகு ஆங்கிலேயர் வாளை உறையிலிட்டுப் பசியை ஏவினார்கள். நான்கு புறமும் அடைபட்ட நகரில் தானியம் தீர்ந்தது. குதிரைகளும் உணவாயின. யூசுஃப் கான் சரணடைவது குறித்துப் பேச்சு நடத்தவும் முயன்றார். இந்நிலையில் அவருக்கும் மார்ஷானுக்கும் வாக்குவாதம் மூண்டு, அவர் மார்ஷானைச் சவுக்கால் அடித்துவிட்டதாகக் கூறுவர். மார்ஷான், திவான் சீனிவாச ராவ், மருத்துவர் பாபா சாகிபு ஆகியோர் ஒன்றுகூடினர். அக்டோபர் 13-ஆம் நாள், அவர் தொழுகையில் இருந்த வேளையில் அவரைப் பிடித்து, அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டிப் பகைவரிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 15-ஆம் நாள், நவாபின் ஆணைப்படி, மதுரைக்கு மேற்கே முற்றுகைப் பாளயத்தின் அருகில் அவர் தூக்கிலிடப்பட்டார். உடலைத் துண்டித்துப் பல ஊர்களுக்கு அனுப்பிய பின், எஞ்சியது சம்மட்டிபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

மூவரில் ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். தூக்கிலிட ஆணையிட்டவர் முஸ்லிம். கோட்டையினுள் கடைசிவரை பசியோடு நின்று போரிட்டவர்களும் எல்லா மதத்தினரே. இந்நிகழ்ச்சியை ஒரு சமுதாயம் இன்னொரு சமுதாயத்துக்குச் செய்த துரோகமாகத் திரித்து எழுத முனைவோருக்கு மதுரைக் கோட்டை இடம் கொடாது.

இனி நம் வினாவுக்கு வருவோம். கும்பினியின் கொடியை இறக்கிய யூசுஃப் கானும், யூசுஃப் கானைக் கட்டிக் கொடுத்த மார்ஷானும் ஒரே குற்றத்தைத்தான் செய்தார்களா? இருவரும் உப்பிட்டவரை விட்டவர்கள்தாமே என்று கேட்கலாம்.

உடன்படிக்கையைப் பேணுவதில் இஸ்லாம் காட்டும் கண்டிப்பை நாம் அறிவோம். ஹிஜ்ரி ஆறாம் ஆண்டில் ஹுதைபிய்யாவில் நடந்ததை நினைவுகூரலாம். மக்காவிலிருந்து தப்பி வருவோரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது உடன்படிக்கையின் ஒரு நிபந்தனை. ஒப்பந்தம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த வேளையிலேயே, கால் விலங்கோடு தப்பி வந்து சேர்ந்தார் அபூ ஜந்தல் (ரலி). எதிர்த்தரப்பின் தூதராக அமர்ந்திருந்த சுஹைலின் மகன் அவர். அடைக்கலம் கேட்டு அலறிய அம்மனிதரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொறுமை காக்கும்படி தேற்றித் திருப்பி அனுப்பினார்கள். தோழர்களின் நெஞ்சம் குமுறிற்று. வாக்கு வாக்குதான்.

ஆனால் அதே மார்க்கம் மற்றொன்றையும் சொல்கிறது. அன்ஃபால் அத்தியாயத்தின் 58-ஆம் வசனத்தின் கருத்து இது: உடன்பட்ட கூட்டத்தார் மோசம் செய்வார்கள் என்னும் அச்சம் எழுமானால், இருதரப்பும் சமமாக அறியும்படி உடன்படிக்கையை அவர்களிடமே எறிந்துவிடலாம். இதிலுள்ள நுட்பம் 'வெளிப்படையாக' என்பதிலேயே இருக்கிறது. வஞ்சிக்கப்படுகிறவன் காலமெல்லாம் வஞ்சகனுக்குக் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. அதே வேளையில், அவன் தானும் மறைவில் வஞ்சகம் செய்துவிடக் கூடாது. விலகுகிறேன் என்று சொல்லிவிட்டு விலக வேண்டும். அறிவித்துவிட்டுப் பகைக்க வேண்டும். கொடி என்பது அறிவிப்புதானே? கோட்டைக் கொத்தளத்தின் உச்சியில் பறக்கும் கொடியைவிட வெளிப்படையானது வேறென்ன? சென்னையார் அதன் பொருளை உடனே புரிந்துகொண்டார்கள். கொடி ஏறுவதற்கு முந்திய மாதங்களில் அவர் இரகசியமாகப் படை திரட்டினார் என்பது உண்மை. அந்த மாதங்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. கொடி ஏறிய பிறகு அவர் செய்தது போர், துரோகம் அன்று.

மார்ஷானின் வழக்கு வேறு. அவருக்காகப் பேச ஒருவர் முன்வந்தால் என்ன சொல்லக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்ப்பதே நேர்மை. கோட்டைக்குள் ஆயிரக்கணக்கானோர் பட்டினி கிடந்தனர். ஒருவருடைய பிடிவாதத்தால் எல்லாரும் மடிவதா? ஒருவரைக் கொடுத்து ஊரைக் காப்பது குற்றமா? இது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வாதமன்று. பசித்த குழந்தையைக் கையில் வைத்திருக்கும் தாய்க்கு உடன்படிக்கைகளின் நுட்பம் விளங்காது; விளங்க வேண்டியதுமில்லை. அவள் அக்கோட்டைக் கதவைத் திறந்திருந்தால் எந்த நீதிபதியும் அவளைத் தண்டிக்கத் தயங்குவார்.

கதவைத் திறந்தவள் அந்தத் தாயாக இருந்திருக்க வேண்டும் என்பதே நம் மறுப்பு. அவர்கள் மூவரும் ஊர் மக்களைக் கூட்டிப் பேசவில்லை. இனிப் போரிட மாட்டோம் என்று ஆயுதத்தைக் கீழே வைத்து அறிவிக்கவும் இல்லை. அவ்வாறு அறிவித்திருந்தாலே முற்றுகை அந்நாளில் முடிந்திருக்கும், பட்டினியும் தீர்ந்திருக்கும். மறைவில் பகைவரோடு பேசி, நம்பி முதுகு காட்டியவரைக் கட்டினார்கள். பசியைத் தீர்ப்பதற்கு அந்த மறைவு தேவைப்படவில்லை. விலைபேசுவதற்குத்தான் தேவைப்பட்டது. ஒப்படைக்கப்பட்ட பொருளில் மோசம் செய்வதை நயவஞ்சகத்தின் அடையாளங்களுள் ஒன்றாக நபிமொழி எண்ணுகிறது. பொருளில் செய்யும் மோசமே அவ்வளவு என்றால், ஒப்படைக்கப்பட்ட உயிரில் செய்யும் மோசத்தை எந்தத் தராசில் நிறுப்பது? சவுக்கடி அவமானம்தான், அவமானம் கணக்குத் தீர்க்கச் சொல்லும், காட்டிக்கொடுக்கச் சொல்லாது.

கும்பினியை மறந்துவிட வேண்டாம். அதன் படைதான் கோட்டையைச் சூழ்ந்து நின்றது. அதன் மேஜரிடந்தான் கைதி வந்தார். தூக்குக்கயிறு மட்டும் நவாபின் கையில். தன் தங்கப் பதக்கத்தை அணிந்தவரை மற்றொருவர் கையால் கொல்லுவித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்ட சாமர்த்தியம் அது! இரவல் துப்பாக்கியால் வென்ற நவாபு பெற்ற பயன்தான் என்ன? வட்டிமேல் வட்டியாக ஏறிய கடனோடு அவர் 1795-இல் மறைந்தார். 1801-இல் கும்பினி கர்நாடகம் முழுவதையும் தன் ஆட்சிக்குள் எடுத்துக்கொண்டது. பிரெஞ்சார் 1765-இல் புதுச்சேரிக்குத் திரும்பினார்கள். இடிபாடுகளின்மேல் மறுபடியும் கட்டினார்கள். மதுரையின் பக்கம் அவர்களுடைய கொடி பிறகு வரவேயில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. காரைக்காலிலிருந்து பிரெஞ்சு அரசின் நிழலில் சைகோனுக்குக் கடை வைக்கச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் நம் நடுவில் இருக்கிறார்கள். 1954-இல் அந்தக் கொடி காரைக்காலிலிருந்தும் இறங்கிற்று. யாருடைய குடிமக்களாக இருப்பது என்னும் வினா ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் எழுந்தது. நம் பிள்ளைகள் இன்று வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு உழைக்கிறார்கள். ஒப்பந்தத்தில் எழுதிய ஊதியம் ஒன்று, கையில் வருவது மற்றொன்று. சேர்ந்தது ஒரு முதலாளியிடம், மாற்றப்பட்டது வேறொருவரிடம். இப்படி மனம் நொந்து கடிதம் எழுதும் மகனுக்குத் தகப்பன் என்ன பதில் எழுதுவார்? உப்பிட்டவரை நினை என்று மட்டும் எழுதினால் போதாது. அவன் பொறுப்பிலிருக்கும் கல்லாப்பெட்டியின் சாவியை எண்ணி ஒப்படைத்துவிட்டு, விலகுகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வா என்று எழுதலாம். வஞ்சித்தவனிடம்கூட அமானிதம் அமானிதமே.

இத்தனை நேரம் கும்பினி, நவாப், பிரெஞ்சார், கான் என்று உடன்படிக்கைக்காரர்களையே பேசிவிட்டோம். அந்த ஐந்து இலட்சம் ரூபாயும் எங்கிருந்து வந்தது? சோழவந்தானிலும் மேலூரிலும் சேற்றில் நின்றவனுடைய முதுகிலிருந்து வந்தது. யூசுஃப் கான் உண்மையில் தின்ற உப்பு அவனுடையதே. பாரிஸிலும் சென்னையிலும் அவனை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்பதற்குச் சில தடயங்கள் இருக்கின்றன. தூக்கிலிடப்பட்டு நாற்பத்து நான்கு ஆண்டுகள் சென்ற பின், 1808-இல், சம்மட்டிபுரத்து அடக்கத்தலத்தின்மேல் கட்டடம் எழுந்தது. 'கான் சாகிபு பள்ளிவாசல்' என்பது அதன் பெயர். மதுரையில் கான்சா மேட்டுத் தெரு இருக்கிறது, கான்பாளையம் இருக்கிறது. அவருடைய கதையை நாட்டுப்புறப் பாவலர்கள் 'கான் சாகிபு சண்டை' என்று நெடும்பாட்டாகப் பாடினார்கள். நெல்கட்டும்செவல் பக்கத்துப் பாட்டு வேறு. அங்கே வீரர் பூலித்தேவர், கான் சாகிபு கும்பினியின் ஆள்.